மாமன் அளவில் ஒரு பேண்ட்

மக்களே, இது உங்கள் இரண்டு பேருக்கும். வாயால் சொல்லத் தொடங்கினால் மூத்தவன் காதில் அந்தக் கருவியைச் செருகிக்கொள்வான். இளையவள் பாதியிலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுப்பாள். எழுதி வைத்தால் என்றைக்காவது கரண்ட் இல்லாத நேரத்தில் படிப்பீர்கள். பத்தாம் வகுப்போடு நின்று வயரிங் வேலைக்குப் போனவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மூத்தவனுக்கு ஆன்லைனில் ஒரு பேண்ட் வந்தது. சாம்பல் நிறம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே பேண்ட் முடிந்துபோயிருந்தது. அளவு தவறி அனுப்பிவிட்டார்கள், பையன் என்னிடம் சொல்ல மனமில்லாமல் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலேஜில் ஏதோ பரிபாடி, மேடை நிகழ்ச்சி என்று வேறு சொல்லியிருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் பிளேடை எடுத்து, கீழ்மடிப்புத் தையலை ஒன்றொன்றாக அறுத்து, உள்ளே இருந்த துணியை இறக்கிவிட்டு, இஸ்திரியும் போட்டு வைத்தேன். அவன் முகம் மலர்வதைப் பார்க்கக் கதவுப் பக்கத்திலேயே நின்றேன்.

"அப்பா, என்னத்த செய்து வச்சிருக்கிய? அதுதான் அதுக்க ஸ்டைலாக்கும்!"

இளையவள் வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சந்தோஷப்படு. அப்பா உனக்கு ஃப்ரீயா ஆல்ட்டர் செய்து தந்திருக்காரு" என்றாள்.

உள்ளே இருந்ததே ஒன்றரை விரல் துணி. அதனால் பேண்ட் நீளமாகவும் ஆகவில்லை, பழையபடியும் இல்லை. மூத்தவன் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் என்னிடம் 'ம்' என்பதற்கு மேல் பேச்சு இல்லை. கோபித்துக்கொண்டதில் தப்பில்லை மக்கா. ஆனால் அந்த நாலு விரல் ஏன் எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறைக்குப் போக வேண்டும்.

அப்போது கொல்லயிலில் நம் பழைய வீட்டுத் துணி முழுவதும் ஒரே கொடியில் அடங்கும். வீட்டுக்குப் பின்னால் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே அப்பா ஒரு கயிறு கட்டியிருந்தார். அதில் அப்பாவின் வேட்டி இரண்டு, அம்மாவின் சேலை, அக்காவின் பாவாடை, என் நிக்கர், எல்லோருக்கும் பொதுவான துவர்த்துத் துண்டு மூன்று. எது ஈரம், எது காய்ந்தது என்று கொடியைப் பார்த்தே இன்று யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். இளையவளே, இப்போது உன் அலமாரியைத் திறந்தால் துணி என் தலையில் விழுகிறது.

எனக்கு நிக்கர் இரண்டு. ஒன்றில் பின்பக்கம் இரண்டு வட்டமாக ஒட்டுப் போட்டிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டுப் பின்னால் பார்ப்பது மாதிரி இருக்கும். இன்னொன்றில் கிழிசலுக்கு ஒட்டுப் போடவில்லை, அதனால் அதற்குத் தபால் பெட்டி என்று பேர். பட்டன் போன இடத்தில் ஊக்கு. நான் முறையிட்டால் அப்பா வெற்றிலைப் பெட்டியிலிருந்து தலையை எடுக்காமலே சொல்வார்: "எனக்கு எட்டு வயசு வரைக்கும் அரைஞாண் கயிறுதாம்லே யூனிஃபாரம். அதுல பட்டனும் போகாது, கிழியவும் செய்யாது."

அந்தக் கொடியில் பேண்ட் என்று தொங்கியது மாமனுடைய காக்கி மட்டும்தான். மாமன் அம்மாவின் தம்பி. பஸ் கண்டக்டர். கல்யாணம் ஆகும்வரை நம் வீட்டில்தான் தங்கியிருந்தார். நல்ல உயரம். பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, தலையே கூரையில் முட்டி நிற்கும். கண்டக்டர் பேண்டில் வலது பக்கம் சாதாரணப் பைக்கு மேலே சில்லறைக்கென்று ஒரு குட்டிப் பை உண்டு. மாமன் வீட்டுக்குள் நடந்தாலே அது கிலுகிலு என்று பேசும்.

ஜூன் மாதம் நான் தனுவச்சபுரத்துக்கு, பெரிய பள்ளிக்கு, பஸ்ஸில் போக வேண்டும். எனக்கு ஒரே ஆசைதான். நிக்கரோடு அந்தப் பஸ்ஸில் ஏறக்கூடாது. ஏன் என்றால், பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது கண்டக்டர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம்தான் கத்துவார்கள். எங்கள் மாமனும் கத்துவார். "நிக்கர் எல்லாம் முன்னால போ!" நிக்கர்கள் முன்னால் போய்ப் பெண்கள் நடுவில் மீன் கூடைக்கும் குடைக்கும் இடையே நசுங்க வேண்டும். பேண்டும் வேட்டியும் பின்னால் கம்பியில் சாய்ந்துகொண்டு கதை பேசும்.

அம்மாவிடம் கேட்டேன். "பேண்ட் போட்டா நீ படிக்க மாட்ட, சினிமாவுக்குப் போவ" என்றாள். அப்பாவிடம் கேட்டேன். "மீச முளைக்கட்டும், பாப்பம்" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். ஜூனுக்குள் முளைக்கும் என்று தோன்றவில்லை.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அப்பா நெய்யாற்றின்கரையில் நீலத் துணி எடுத்து வந்தார். ஒரே துண்டு. அதில் அக்காவுக்கு ஒரு பாவாடை, எனக்கு இரண்டு நிக்கர். தையல்காரரிடம் எங்களைக் கூட்டிப்போய் அளவெடுக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. பழைய உடுப்பு ஒன்றைத் துணியோடு சேர்த்துப் பொதிந்து கொடுத்துவிடுவார்கள். அதற்கு அளவுத்துணி என்று பேர். தையல்காரர் அதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டித் தைப்பார். அம்மா அக்காவின் பாவாடையையும் என் மூக்குக்கண்ணாடி நிக்கரையும் வைத்துப் பொதியைக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"நேரே போ. ரெண்டு நிக்கர், ஒரு பாவாடை. மறக்காண்டாம், கேட்டியா?"

நான் நேரே போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கொடியில் மாமனின் காக்கிப் பேண்ட் ஒன்று காய்ந்து, காற்றில் லேசாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பொதிக்குள் வைத்தேன். என் நிக்கரை வைக்கோல் போருக்குள் செருகினேன். அவ்வளவுதான். அந்த வயதில் நான் செய்த திருட்டு அது ஒன்றுதான்.

தையல்காரருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ரேடியோவில் பாட்டு வந்தால் அதன் தாளத்துக்கு மெஷின் மிதிப்பவர். பொதியை அவிழ்த்தார்.

"அம்மை என்ன சொல்லிவிட்டா மக்கா?"

"அக்காவுக்கு ஒரு பாவாடை. எனக்கு ஒரு பேண்ட்."

காக்கியை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அது அவர் காலையும் தாண்டித் தரையில் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். என் தலை அவர் நெஞ்சுக்குத்தான் வரும்.

"ஜூனுக்குள்ள இவ்வளவு வளருவியாலே? என்ன திங்குத?"

"அம்மை அதுதான் அளவுன்னு சொன்னா."

"செரி. அளவு எதுவோ அதுதான் தைப்பேன். பின்ன வந்து குறைச்சுத் தா, கூட்டித் தான்னு அழப்படாது."

எனக்குச் சந்தோஷத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. அளவுத்துணி என்பது 'இந்த மாதிரி' என்று காட்டுவதற்குத்தானே, என் உயரத்தைத்தான் அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே என்று இருந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அளவு எதுவோ அதுதான் தைப்பேன் என்றாரே! திரும்பிப் போய்ச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மாமன் நீளத்துக்குப் பேண்ட் வரும். தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை மாமனுக்கு முதல் பஸ் டியூட்டி. கொடியில் ஒரு பேண்ட்தான் இருந்தது. அதுவும் முந்தின மாலை துவைத்தது. பிழிந்தால் தண்ணீர் வரும்.

"அக்கா, எனக்க மத்தப் பேண்ட் எங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"காத்துல போயிருக்கும். பலாமூட்டுல பாரு."

மாமன் பலா மரத்தடியில் பார்த்தார், கிணற்றுக்குள் பார்த்தார், ஈரப் பேண்டை மாட்டிக்கொண்டு ஓடினார். அன்று டிரைவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டியோடு ஒட்டி நின்றே டிக்கெட் கொடுத்திருக்கிறார், சீக்கிரம் காயட்டும் என்று. சூடு பட்டதும் காக்கியிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியிருக்கிறது. பாறசாலையில் ஏறின மீன்காரப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "கண்டக்டர் சாரே, இட்லி வெந்தோ?" என்று கேட்க, பஸ் முழுக்கச் சிரிப்பு. "நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்போ வெந்துரும். சட்னி எடுத்து வையும்" என்று மாமனும் விடவில்லை.

மாலையில் மாமன் இதை நடித்துக் காட்ட, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் துப்புத் துலக்கினார். "காக்கிப் பேண்டக் களவாண்டுட்டு ஒருத்தன் என்ன செய்வான்? டிக்கெட் குடுக்கவா போறான்?"

"எனக்க ஒசரத்துல எவனாவது காக்கி போட்டு நடந்தா பிடிச்சிரலாம் அத்தான்" என்றார் மாமன்.

நான் சோற்றுத் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அளவுத்துணி தைத்து முடியும்வரை தையல்காரரிடம்தான் இருக்கும். எட்டு நாள் மாமன் அந்த ஒரே பேண்டைத் தினமும் துவைத்து, தினமும் ஈரத்தோடு போனார். எட்டு நாளும் பஸ்ஸில் இட்லி வெந்தது.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, "நீ போனா பட்டன் இருக்கான்னுகூடப் பாக்க மாட்ட" என்று அம்மாவும் என்னோடு கிளம்பினாள். நான் நாலு அடி பின்னாலேயே நடந்தேன்.

தையல்காரர் முதலில் பாவாடையைக் கொடுத்தார். பிறகு நீலப் பேண்டை எடுத்து ஒரே உதறாக உதறினார். அது அவர் கையிலிருந்து தரை வரைக்கும் இறங்கி, தரையிலும் கொஞ்சம் படுத்துக்கொண்டது.

"இது ஆருக்கதாக்கும்?" என்றாள் அம்மா.

"உங்க மவனுக்கதாக்கும். அளவும் இந்தா இருக்கு" என்று காக்கியை மேலே வைத்தார்.

காக்கியின் முழங்காலில் இருந்த ஒட்டு அம்மாவே போட்டது. அதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அம்மாவின் கை ஓங்கியது ஞாபகம் இருக்கிறது. பட்டதா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

"இருங்க அக்கா. அடிக்க முந்தி இதப் பாருங்க" என்றார் தையல்காரர். "எலே கள்ளா, ஸ்டூல்ல ஏறு."

ஏறினேன். பேண்டை என் மேலேயே மாட்டிவிட்டு, சாக்குக்கட்டியால் கோடு போட்டார். கழற்றச் சொல்லி, காலின் அடியைத் தள்ளித் தள்ளி உள்பக்கமாக மடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு மடிப்பையும் நினைத்தால் பிரிக்கிற மாதிரி பெரிய பெரிய தையலாகப் போட்டார். இடுப்பிலும் இரண்டு பக்கமும் துணியை உள்ளே விட்டுப் பிடித்தார். அம்மா நின்றுகொண்டே பார்த்தாள்.

"வருசா வருசம் பள்ளி தொறக்க முந்தி ஒரு மடிப்ப அவுத்து விட்டா போரும். மாமன் ஒசரம் வாற வரைக்கும் இவனுக்கு வேற பேண்ட் வேண்டாம். ரெண்டு நிக்கருக்க துணி அப்படியே இதுக்குள்ள இருக்கு."

அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று விரலை மடக்கினாள். வகுப்பு தீர்ந்தும் மடிப்பு தீரவில்லை. "அப்பம் கல்யாணத்துக்கும் இதையே போட்டுரலாம்" என்றாள். அவ்வளவுதான், நான் பிழைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அளவு எதுவோ அதுதான் என்று சொன்னவர் சொன்னபடியே, வலது பக்கம் அந்தக் குட்டிச் சில்லறைப் பையையும் தைத்திருந்தார்! போட வேண்டிய சில்லறை என்னிடம் இல்லை. ஆனாலும் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

காக்கியை அம்மா கொடியில் தொங்கவிட்டாள். "காத்து கொண்டுபோனதைக் காத்தே கொண்டு வந்துட்டு" என்று மாமனிடம் சொன்னாள். மாமன் பேண்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

பள்ளி திறந்த அன்று நான் ஏறியது மாமனுடைய பஸ். "நிக்கர் எல்லாம் முன்னால போ!" என்று குரல் வந்தது. நான் அசையவில்லை. பின்னால் கம்பியில் சாய்ந்து நின்றேன். மாமன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் காலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பேண்ட் சாருக்கு எங்க போகணும்?" என்றார்.

மக்களே, என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை சார் என்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு 'சார்' போதும்.

அந்தச் சந்தோஷம் தனுவச்சபுரத்தில் இறங்கும்வரைதான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. நிக்கர் போட்ட பயல்கள் எல்லாம் குதித்துக் குதித்துத் தண்ணீரைத் தாண்டிப் போனார்கள். என் பேண்டின் ஐந்து மடிப்பும் ஐந்து ஸ்பாஞ்சு மாதிரி மழையைக் குடித்தது. இரண்டு காலிலும் இரண்டு வாளியைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி. அடி மட்டும் தடித்துக் கிடந்ததால், வகுப்பில் நுழைந்ததும் ஒருத்தன், "எலே, யானைக்கால் வாறான்" என்றான். ஒரு நாள் கணக்கு வகுப்பில் கால் நமநம என்றது. குனிந்து பார்த்தால், தையல் இடைவெளி வழியாக ஒரு தவளைக்குஞ்சு வெளியே வந்து, வாத்தியாரின் மேஜையை நோக்கித் தாவிப் போனது. வாரம் முழுக்க ஒரே பேண்ட். அம்மா தினமும் மாலையில் அதை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவாள். என்னைத் தொட்டால் ஈரம், மோந்தால் புகை. ஆனாலும் நிக்கருக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. வைக்கோலுக்குள் செருகின நிக்கரை எலி தின்றுவிட்டது என்பதும் ஒரு காரணம்.

இனி உங்கள் அத்தையைப் பற்றி. என் அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. அவளுக்குச் சைக்கிள் பழக வேண்டும். அப்பா வாழைக்குலை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிற சைக்கிள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சும்மா இருக்கும். அதற்கு முந்தின வருடமே ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். பாவாடை செயினில் மாட்டி, சைக்கிளும் விழுந்து, பாவாடையும் கிழிந்தது. அம்மா பாவாடையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "பொம்பளப்பிள்ளைக்கு சைக்கிள் வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். தப்புச் செய்தது பாவாடை, தண்டனை அக்காவுக்கு. அன்று எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னை மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"எலே, உனக்க பேண்ட ஒரு மணிக்கூர் தா."

"எதுக்கு?"

"சைக்கிளுக்கு. நீ ஓட்டுத, நான் ஓட்டாண்டாமா?"

"பொம்பளப்பிள்ள பேண்ட் போடப்படாது."

"மலையாளம் நோட்டு இனி நீயே எழுது."

அது என் கழுத்தில் கத்தி. வீட்டில் தமிழ் பேசி, கேரளத்துப் பள்ளியில் படித்த எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. வாரம் முழுக்க நோட்டெழுதித் தருவது அக்காதான். பேண்டைக் கொடுத்தேன். அவள் என்னைவிட உயரம். பிளேடால் இரண்டு மடிப்பை அவிழ்த்துக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் பார்வைக்கு யாரோ புதுப் பையன் வந்திருக்கிறான் என்று நம் நாயே குரைத்தது.

வாழைத்தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன், அவள் மிதிப்பாள். விழுந்தால் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவாள். பாவாடையில் இருந்தபோது விழுந்தால் முதலில் பாவாடையை இழுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பேண்டில் முதலில் சைக்கிளைத் தூக்கினாள். சாயங்காலம் மடிப்பு இரண்டையும் மறுபடி மடித்து ஊசியால் தைத்து, திங்கட்கிழமைக்கு எனக்குப் பேண்ட் தயார்.

மூன்றாவது சனிக்கிழமை நான் கேரியரை விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது. தானாகப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே டியூட்டி முடிந்து மாமன் வந்துகொண்டிருந்தார். அக்காவுக்கு மாமனைக் கண்டதும் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நேராகப் போய் அவர் காலடியில், வயல் சேற்றில் விழுந்தாள்.

மாமன் சைக்கிளைத் தூக்கினார். சேற்றுக்குள்ளிருந்து எழுந்து நின்ற பையன் அக்கா என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவர் கண் பேண்டின் வலது பக்கத்தில் போய் நின்றது. அந்தக் குட்டிப் பை.

"இது கண்டக்டர் பாக்கெட்டுல்லா?" அக்காவை விட்டுவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எலே, அப்பம் எனக்க பேண்டக் கொண்டுபோன காத்து நீயாக்கும்! எட்டு நாள் நான் இட்லி மாதிரி வெந்தேன்லே!"

என் பேண்டும் போயிற்று, அக்காவின் சைக்கிளும் போயிற்று என்று நினைத்தேன். அக்காதான் சேறு வடிய வடியச் சொன்னாள்: "மாமா, அம்மகிட்ட சொல்லாண்டாம். இனி ரெண்டு சனிக்கிழம போரும்."

மாமன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினதில் அவர் மீசை துடித்தது.

"நான் எதுக்குச் சொல்லணும் பிள்ளே? நீ இப்படிப் பிரேக் பிடிக்காம வந்தா ஊருக்கே தெரியும். ம், ஏறு."

கேரியரை அவரே பிடித்தார். அவ்வளவு உயரமான மனிதர் குனிந்து பிடித்தபோது சைக்கிள் பொம்மை மாதிரி ஆயிற்று. பஸ்ஸில் மணியை இரண்டு தடவை இழுத்தால் கிளம்பலாம் என்று அர்த்தம்; 'போட்டே' என்றால் போகட்டும். மாமன் வாயாலேயே "டிங் டிங்" என்று அடித்து, "ரைட்டு, போட்டே!" என்று தள்ளிவிட்டார். அக்கா போனாள். தென்னை மூடு தாண்டி, ஓடைப் பாலம் தாண்டி, திரும்பத் தெரியாமல் அதியன்னூர்க்காரர் தோட்டம் வரைக்கும் போனாள். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள், சிரித்துக்கொண்டே.

அன்று மடிப்பைத் தைக்க நீல நூல் இல்லை. அக்கா வெள்ளை நூலில் தைத்துவிட்டாள். நீலத் துணியில் வெள்ளைத் தையல், காக்காய்க்குப் பல் முளைத்தது மாதிரி தெரியும். திங்கட்கிழமை அம்மா பேண்டை எடுத்து மடித்துத் தந்தாள். தருவதற்கு முன்னால் அந்தத் தையல் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். அடுத்த சனிக்கிழமை அக்காவின் தகரப் பெட்டியில் ஒரு நீல நூல் உருண்டை இருந்தது. நான் வாங்கி வைத்தேன் என்று அவள் நினைத்தாள். அவள் வாங்கினாள் என்று நான் நினைத்தேன். போன ஓணத்துக்கு உங்கள் அத்தை சுரிதாரும் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினாளே, அன்று பேச்சோடு பேச்சாகத்தான் இது வெளியே வந்தது.

"அந்த நூலு நீதானே வாங்கின?" என்று கேட்டேன்.

"இல்லலே. நீயில்லா வச்ச?"

இரண்டு பேரும் திரும்பிச் சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தோம். நீங்கள் அப்போது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வருடத்துக்கு ஒரு மடிப்பு இறங்கியது. மடிப்புக்குள் வெயில் படாத துணி அடர்நீலமாக இருக்கும், வெளித்துணி வெளுத்துப் போயிருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து வயரிங் வேலைக்குப் போன ஜூனில் என் காலில் அடர்நீல வரி மூன்று இருந்தது. பயல்கள் மூணுவரி அணில் என்றார்கள். நான் சில வருடம் மடிப்பைவிட வேகமாக வளர்ந்தேன். மார்ச், ஏப்ரல் வரும்போது கணுக்கால் வெளியே எட்டிப் பார்க்கும். "எலே, எந்த ஓடையில வெள்ளம் ஏறிச்சு?" என்று கேட்பார்கள். ஜூன் வராமல் அம்மா அடுத்த மடிப்பைத் தொட மாட்டாள். நான் பேண்டைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடப்பேன்.

மாமன் உயரத்துக்கு நான் கடைசிவரை வரவில்லை. இரண்டு மடிப்பு பிரிக்காமலே மிச்சம். பேண்ட் தேய்ந்துபோனதும் அக்கா அந்த இரண்டு மடிப்பை மட்டும் வெட்டி எடுத்து, அப்பாவின் சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்தாள். புதுத் துணி மாதிரியே இருந்தது. அந்தச் சைக்கிளும் இப்போது இல்லை, உறையும் இல்லை.

மூத்தவனே, இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் காலத்தில் ஒருத்தனுக்குக் கணுக்கால் தெரிந்தால், அவன் வீட்டில் மடிப்பு தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் உன் கணுக்கால் தெரிந்ததும், என் கையில் உனக்கு இறக்கிவிட மடிப்பு இல்லாமல் போனதாக எனக்குத் தோன்றிவிட்டது. பிளேடு தானாகக் கைக்கு வந்தது. நீ ஆசைப்பட்டு வாங்கியது அந்த நாலு விரலைத்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் பேண்ட் கேட்டபோது மீசை முளைக்கட்டும் என்றாரே என் அப்பா, அவருக்குத் தெரியாமல் போனது மாதிரி. இனிக் கேட்காமல் உன் துணியில் கை வைக்க மாட்டேன்.

இதை எழுதி முடித்தது புதன்கிழமை பகல். நீங்கள் இரண்டு பேரும் படிக்கப் போயிருந்தீர்கள், உங்கள் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தாள். கேட்காமல் கை வைப்பது இதுவே கடைசி என்று, சாம்பல் பேண்டை எடுத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பழைய மடிப்பின் கோடு இன்னும் போகவில்லை. அதே கோட்டில் மடித்து, சாம்பல் நூலில், நெருக்கமாகத் தைத்தேன். இஸ்திரி போட்டு உன் கட்டில் மேல் வைத்தேன்.

பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, என் வேலைப் பேண்டின் அடியை நாலு விரல் வைத்து மேலே மடித்துவிட்டுக்கொண்டு, உன் கண்ணாடி முன்னால் நின்றேன். கணுக்கால் இரண்டும் வெளுத்துப் போய், வெயில் படாத மடிப்புத் துணி மாதிரி இருந்தது. "டிங் டிங்" என்று மெதுவாகச் சொன்னேன். "ரைட்டு, போட்டே" என்று சொல்லிக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கிணற்றடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். கணுக்காலில் காற்று பட்டது. நல்லாத்தான் இருந்தது.